கைநாட்டு வைக்காத அப்பா

எங்கள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட்டின் காரநெடியும் அதன்மேல் தூவிய பவுடரின் இனிப்பு வாசனையும்தான். அப்பாவின் முதுகில் புண் வராமலிருக்க அம்மா காலையும் மாலையும் தேய்த்துவிடும் அந்த ஸ்பிரிட் என் பள்ளிச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வந்ததால், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எனக்கு 'ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தாள்.

அது ஐம்பதுகளின் கடைசி. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், கீழே சீனர் நடத்திய 'மீ' நூடுல்ஸ் கடையும் மேலே பலகை வைத்துத் தடுத்த அறைகளுமாக இருந்த ஒரு கடைவீட்டில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கணக்கெழுதும் 'கிராணி' வேலை பார்த்த அப்பாவுக்கு, ஒரு கப்பலின் சரக்கறைக்குள் தவறி விழுந்ததில் கழுத்து முறிந்து, அதற்குக் கீழே கையோ காலோ எதுவும் அவர் பேச்சைக் கேட்காமல் போயிற்று. பல மாதம் வைத்திருந்துவிட்டு, இனிப் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் பொறுமையாகப் படுக்கையில் வாழக் கற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் திட்டிக்கொண்டேதான் கற்றார். பால் டின்னில் ஊற்றிய கோப்பியை ரப்பர் குழாய் வழியே உறிஞ்சினார். ஜன்னல் சட்டத்தில் கட்டிய கண்ணாடியில் தெருவைப் பார்த்தார். தலைக்கு மேலே கட்டிய கயிற்றில் துணிக் கவ்வி போட்டுத் தொங்கவிட்ட பத்திரிகையை வாசித்தார். நான் பள்ளிக்குப் போன நேரத்துக்கென்று, மீ கடையில் வாங்கிய சாப்பாட்டுக் குச்சி ஒன்றின் நுனியில் அம்மா சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுக்க, அதைப் பல்லால் கடித்துப் புத்தகப் பக்கம் திருப்பினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மா தோளைத் தள்ள, நான் அடியில் விரித்த துப்பட்டியை இழுப்பேன். "மெதுவா! நான் என்ன அரிசி மூட்டையா?" என்பார். கீழே மற்றப் பிள்ளைகள் ஐந்தாங்கல் ஆடும் சத்தம் கேட்கும்போது, அவரை நான் வெறுத்ததும் உண்டு.

ஆனால் பார்க்க வந்தவர்களை அதைவிட வெறுத்தேன். "சாப்பிடுறாரா? தூங்குறாரா?" என்று அவர் முகத்துக்கு மேலேயே அம்மாவிடம் கேட்பார்கள். கிளம்பும்போது, சாவு வீட்டிலிருந்து எழுந்து போகிறவர்களைப்போல, 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் படியிறங்குவார்கள். ஒருநாள் அப்பா கத்தினார்: "ஏய், நான் இன்னும் சாகல. சொல்லிட்டுப் போ!" அதன்பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மட்டும் விடாமல் வந்தார். லாரி ஓட்டிக்கொண்டு நான்கு பேரோடு ஓர் அறையில் ஒண்டியிருந்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊரிலிருந்து கப்பலேறி இங்கே வர இருந்தார்கள். அவருக்கு எங்கள் அறை வேண்டும். அறையோ அப்பாவின் பெயரில் இருந்தது. "மூணு பேரும் ஊருக்குப் போயிடுங்க அண்ணி, அங்க பாத்துக்க ஆளு இருக்கு" என்பார். ஊரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கப்பல் பயணத்தை அப்பாவின் உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருந்ததும் தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இன்னொரு குச்சியில் நான் பென்சிலைக் கட்டிக் கொடுக்க, அதை வாயில் கவ்வி, அப்பா சில மாதமாக எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம் அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் சித்தப்பா ஒரு தாளும் மைத்தட்டுமாக வந்தார். அறையைத் தம்பி பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று யாரோ எழுதிக்கொடுத்த தாள். கேட்காமல் கொள்ளாமல் அப்பாவின் கட்டைவிரலைத் தூக்கி மையில் அழுத்தினார்.

"என்னடா பண்றே?"

"கைநாட்டுதாண்ணே. உனக்கு வலிக்கவா போகுது?"

அப்பா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கிராணிடா. எனக்கு என்ன கைநாட்டு? நானே எழுதிக் கொடுக்கிறேன். பாப்பா, பென்சில் குச்சியை வாயில வை. தாளைப் பலகையில மாட்டிப் பிடி."

"வாயாலயா? என்ன லா, சர்க்கஸ் காட்டுறியா?" என்று சித்தப்பா சிரித்தார். ஆனாலும் விரலை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய்ச் சிகரெட் பற்றவைத்தார். கைநாட்டைவிடக் கையெழுத்து அவருக்கு இன்னும் வசதி.

அப்பாவின் முகத்துக்கு நேரே பலகையைப் பிடித்தேன். பலகை ஆடியது. "ஆட்டாதே, கழுதை" என்று பல்லிடுக்கில் உறுமினார். எச்சில் வழிந்து தாடை நனைந்தது. எழுதியிருந்த வரிகளின் மேலேயே, கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் என் பெருவிரல் அளவுக்கு வந்தது: 'மாட்டேன்'. பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

திரும்பிப் பார்த்த சித்தப்பா பாய்ந்து தாளைப் பறித்தார். "இங்கேயே நாறிச் சாவு!"

"இங்கதான் சாவேன். இறங்குடா கீழே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீயும் சேர்ந்துதானே புடிச்சே?"

"ஆமா" என்றேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான்.

அப்பா அதே அறையில் மேலும் ஆறு வருடம் இருந்தார்; அங்கேயே இறந்தார். இன்று அந்தக் கடைவீட்டுக்கு மஞ்சளும் நீலமும் அடித்து, மேல்மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுதியாக்கியிருக்கிறார்கள். மீ கடை இல்லை, பலகைத் தடுப்புகள் இல்லை, ஐந்தாங்கல் ஆடிய நடைபாதையில் பெட்டி இழுத்துப் போகிறார்கள். தாடையால் ஓட்டும் சக்கர நாற்காலிகூட வந்துவிட்டதாம். அதைக் கேட்டபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

போன வருடம் நகரின் மேற்கே கிளமெண்டியில் சித்தப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். "அப்பா உங்களையெல்லாம் அடிக்கடி நினைப்பாரு அக்கா. பழசையெல்லாம் மறந்திடுங்க" என்று அவர் மகள் என் கையைப் பிடித்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். மறக்கவில்லை, மறக்க விருப்பமும் இல்லை. எச்சில் தட்டில் கிடக்கும் கரண்டியை எடுப்பதுபோல சித்தப்பா அன்று என் அப்பாவின் விரலை எடுத்தார்.