தலை எந்தப் பக்கம்?

யூசுப் பாய் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதுமலைக்குப் போய்வந்தவர்களுக்காக அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அவர் மகள் ஷபானா எழுதியிருந்தார்: 'அத்தா இன்று காலை காலமாகிவிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.' அதற்கு மேலே முந்தைய நாள் பாய் அனுப்பிய கடைசிச் செய்தி இருந்தது. முடிச்சூரில் அவர் வீட்டு மதில்மேல் ஏதோ ஒன்றின் மங்கலான படம். 'கீரிதானா? யாருக்காவது வேறு மாதிரித் தெரிகிறதா?' யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. நானும்தான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவருடைய கண்ணாடிக் கடைக்குப் போகாதவர்கள் நம் குழுவில் குறைவு. ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் நிறைந்த பகுதி இது. நமக்குக் கண் பரிசோதனையும் ஒரு பரீட்சை. கடைசி வரி தெரியாவிட்டாலும் ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்லிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னேன். பாய் விளக்கை அணைக்காமல் கேட்டார்: "மேடம், தெரியுதா, யூகிக்கிறீங்களா? இங்க பாஸ் ஃபெயிலு கிடையாது. தெரியலைன்னா தெரியலைன்னு சொன்னாதான் பவர் கரெக்டா வரும்." புள்ளியியல் கற்பிக்கும் என்னிடம் இதைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

கடையில் பவர் குறித்துவைக்கும் அதே வகை நீள நோட்டு ஒன்றை அவர் விலங்குகளுக்காக வைத்திருந்தார். அதன் முதல் பக்கத்தில் காடு இல்லை, வெள்ளம் இருக்கிறது. முடிச்சூர் மூழ்கியபோது அவர் குடும்பம் மாடியில் இருந்தது, படிக்கட்டில் ஒரு பாம்பு. தெருவே நல்ல பாம்பு என்று கத்தியதாம். பாய் மட்டும் இரண்டு நாள் அதை உட்கார்ந்து பார்த்து, 'சாரை. தலை மாடிப் பக்கம்' என்று எழுதினார். "அதுவும் தண்ணி எப்போ எறங்கும்னு பாத்துகினு இருந்துச்சு, நாங்களும் அதான். பேஜார் ஒண்ணும் இல்ல" என்பார். அன்றிலிருந்து எதைப் பார்த்ததாக யார் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி தலை எந்தப் பக்கம் என்பதுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பாயையும் சேர்த்து நாம் பன்னிரண்டு பேர் முதுமலையில் பச்சை மினி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். புலி பார்க்கும் ஆசையில் நான் போகவில்லை. பத்திரிகைகளில் வரும் புலிக் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாய் எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கத்தான் போனேன். யானைச் சாணத்தில் முளைத்திருந்த செடியை நாம் கடந்து போனபோது அவர் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வளைவு ஒன்றில் மந்தி ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. பிறகு புள்ளிமான். பக்கத்தில் புலி இருக்கும் அறிகுறி அது என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

"அதோ! வாலு! வாலு!" என்று கத்தினார் ராமநாதன் சார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

"எங்க சார், எங்க?"

"அந்தப் புதருக்குப் பின்னால... அய்யோ, போயிடுச்சே!"

"நீங்க போட்ட சத்தத்துல அது கர்நாடகா பார்டரே தாண்டியிருக்கும் சார்" என்றார் பாய்.

டீக்கடையில் நோட்டை விரித்து, கண் பரிசோதனைக்கு அழைப்பதுபோல ஒவ்வொருவராகத் தனியே அழைத்தார். புலியைப் பார்த்தீர்களா? தலை எந்தப் பக்கம்? பதினொரு பேர் பார்த்ததாகக் கையெழுத்திட்டோம். ஐந்து பேருக்குத் தலை இடப்பக்கம், ஆறு பேருக்கு வலப்பக்கம். தன் பெயருக்கு நேரே பாய் 'பார்க்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

நான் இடது என்றேன். நான் பார்த்தது வெயில் விழுந்த புதர். அவ்வளவு தூரம் வந்துவிட்டு வண்டியில் நான் மட்டும் பார்க்காதவளாக இருக்க மனம் வரவில்லை. பிறகு அதை வகுப்பிலும் சொன்னேன், தங்கையிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் புதருக்குக் கோடுகள்கூட வந்துவிட்டன.

சென்ற ஆண்டு கண்ணாடி மாற்றப் போனபோது, கடைசி வரியில் மறுபடியும் தடுமாறினேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யூகிக்கிறேன் பாய். அந்தப் புலியையும் நான் பாக்கல."

அவர் சிரித்துவிட்டார். "எப்போ சொல்லுவீங்கன்னு மூணு வருஷமா வெயிட் பண்ணிகினு இருக்கேன் மேடம்." நோட்டை எடுத்தார். வண்டியின் இருக்கைகளைப் பென்சிலில் வரைந்து வைத்திருந்தார். "பாருங்க, ஜோடி ஜோடியா ஒரே பதில். நீங்களும் உங்க பக்கத்து சீட்டும் இடது. பின் சீட்டு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வலது. என் பக்கத்துல உக்காந்த ராமநாதன் சார் மட்டும்தான் சொந்தமா சொல்லியிருக்காரு."

"அப்ப அங்க புலியே இல்லையா?"

"அத எப்படி சொல்ல முடியும்? மந்தி கத்திச்சு, மான் கத்திச்சு. அதுங்களுக்கு நம்மகிட்ட பொய் சொல்ல இன்னா அவசியம்? இருந்துச்சு. நாம பாக்கல. அவ்ளோதான்."

பேனாவை நீட்டினார். என் கையெழுத்தை நானே அடிக்க வேண்டும். அடுத்த முறை போய் நிஜமாகவே பார்த்துவிட்டு மாற்றிவிடுகிறேன் என்று தப்பிக்கப் பார்த்தேன். "அது அடுத்த பக்கம் மேடம். இது இந்தப் பக்கம்" என்றார். அதற்குள் வேறு யாரோ கடைக்குள் வந்தார்கள். புதுக் கண்ணாடியை வாங்கப் போன நாளிலும் கூட்டம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டில் உங்களில் பலர் இருந்தீர்கள். "நமக்கெல்லாம் புலியைக் காட்டினவர்" என்று ராமநாதன் சார் கண் கலங்கினார். எல்லோரும் தலையாட்டினோம். ஷபானா என்னிடம் திரும்பினார். "நீங்களும் பாத்தீங்கதானே ஆன்ட்டி?"

தலையாட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இல்லம்மா. நான் பாக்கல."

ஷபானா உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று அந்தப் பக்கத்தில் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. நான் என் கையெழுத்தின்மேல் கோடு இழுத்து, 'பார்க்கவில்லை' என்று எழுதி, மறுபடியும் கையெழுத்திட்டேன்.

"அப்ப நான் கத்தினது?" என்று ராமநாதன் சார் மெல்லக் கேட்டார்.

"நீங்க பாத்திருக்கலாம் சார். பாய் அப்படித்தான் நினைச்சார்."

நோட்டை நானே வைத்துக்கொள்ளும்படி ஷபானா சொல்லிவிட்டார். உங்களை எதையும் அடிக்கச் சொல்லவில்லை. உங்கள் கண் எதைக் கண்டது என்று எனக்குத் தெரியாது. நோட்டு என் வீட்டு மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, வர நினைப்பவர்கள் வரலாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தத் துடைக்கும் துணியும் ஒரு கேள்வியும். நேற்று அந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். பிறகு குழுவில், அவர் கேள்விக்குக் கீழே பதில் எழுதினேன்: 'கீரியா என்று தெரியவில்லை பாய். தலை வலப்பக்கம்.'