பாய்லர் ராமதாஸின் ஈறுகள்

ஜெலுத்தோங்கில் ஆற்றை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருந்தது. கெடாவிலிருந்து தொங்கான் படகுகளில் நெல் வந்து இறங்கும். அந்த ஆலையை ஓட்டிய நீராவிக்கு ராமதாஸ்தான் பொறுப்பு. எண்ணெய் விடும் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே பாய்லர்காரர் ஆனவர். அழுத்தம் காட்டும் கேஜில் முள் கொஞ்சம் நகர்ந்தாலும், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

சண்டைக்கு முந்தின வருஷம் ஒரு டாக்டர் அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, "நூற்றெண்பது" என்றார். ரத்தக் கொதிப்பு. ராமதாஸுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

"எத்தனையில வெடிக்கும் டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டு, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். ராமதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய பாய்லர் நூற்றிருபதுக்குமேல் தாங்காது. அவருடைய அண்ணன் ஐம்பது வயதில் விறகைத் தோளில் ஏற்றும்போது வாய் கோணி விழுந்தவர். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அந்த நூற்றெண்பதைக் கேட்டதிலிருந்து ராமதாஸால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையைப் பார்ப்பார். பேச்சின் நடுவே கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்ப்பார். உடம்புக்கு ஒரு கேஜ் கிடையாதே என்பதுதான் அவருடைய பெரிய குறை.

ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம், பல் விளக்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. கடைகளில் பிரஷும் இல்லை, பல்பொடியும் இல்லை. எல்லார் வீட்டிலும் அடுப்புக்கரிதான். சாப்பாடு மரவள்ளிக்கிழங்கும் கருவாடும். ஈறு சிவந்து தடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ராமதாஸுக்கோ இரண்டு மூன்று வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

நீராவி அளவை மீறினால் பாய்லரின் மேலே உள்ள சேஃப்டி வால்வு தானாகத் திறந்து மிச்சத்தை வெளியே விடும். உடம்பும் அதைத்தான் செய்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அதன் பிறகு தினமும் காலையில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வராத நாளில் தென்னை ஈர்க்கை ஒடித்து, வரும்வரை ஈறைக் குத்துவார்.

அவர் மனைவி லெட்சுமி தலையணை உறையில் கறை பார்த்தாள். பேசும்போது அவர் வாயில் நாற்றம் அடித்தது. ஒரு நாள் படிகாரத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள்.

"கொப்புளிங்க. ரத்தம் நின்னுடும்."

"நிக்கக் கூடாது. வால்வைக் கட்டிவச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க வாய் பாசார் மீன்கூடை மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

அவர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. வால்வைக் கட்டிவைத்து வேலை வாங்குகிறவனைப் பாய்லர்காரர்கள் யாரும் மதிக்கமாட்டார்கள். தன் உடம்பிலேயே அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மாதம் ஆலையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆலை ஆட்கள் எல்லாரும் உடம்புச் சோதனைக்கு வர வேண்டும். இயந்திரத்தில் நிற்கிறவர்களுக்குக் கொதிப்பு நூற்றெழுபதுக்குள் இருக்க வேண்டும். தேறாதவர்கள் ஆலையில் தேவையில்லை. தேவையில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை.

"கொதிப்பு இருக்கிறவனை மண்ணு வெட்டக் கூட்டிட்டுப் போறானுங்க. என்ன கணக்கோ லா" என்றார் விறகு போடும் காஜா மொய்தீன். பக்காவ் மரக்கட்டைகளைப் பாய்லர் அடுப்புக்குள் தள்ளுவது அவர் வேலை. "அண்ணே, நீங்க ஏன் இப்படி நடந்துக்கிட்டே இருக்கீங்க? தரை தேயுது."

ராமதாஸ் நடையை நிறுத்தவில்லை. சோதனைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் காலையும் மாலையும் ஈறைக் குத்தி ரத்தத்தை இறக்கினார். மூன்றாம் நாள் இடது கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. அப்படியே போய் நின்றார்.

ஆலை அலுவலக அறையில் டிரஸ்ஸர் சிவகுருநாதன் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் மருந்து கட்டியவர், பல் பிடுங்கவும் பழகியவர். வாரத்துக்கொரு தரம் ஆலைக்கு வருவார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது.

"என்ன காணும் இது? வாயைத் திறவும்."

ராமதாஸ் திறந்தார். டிரஸ்ஸர் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆர் உமக்கு இப்பிடிக் குத்தினது?"

"நான்தாங்க. கொதிப்பு இறங்கட்டும்னு."

வால்வுக் கதையை ராமதாஸ் முழுக்கச் சொன்னார். டிரஸ்ஸர் சிரிக்கவில்லை. பஞ்சால் ஈறை லேசாக அழுத்தினார். ரத்தமும் சீழும் வந்தன. தட்டில் துப்பச் சொன்னார். ரத்தம் நின்ற பிறகு மறுபடி பட்டையைச் சுற்றினார்.

"உம்முடைய கேஜ் மாதிரித்தான் இது. நீரே பாரும்."

ராமதாஸ் குனிந்து பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒரு கோடுகூட இறங்கவில்லை.

"இன்னொரு தரம் பார்க்கலாமுங்களா?"

மறுபடி அடித்தார். அதே இடம்.

"தட்டில கிடக்கிறது ஒரு தேக்கரண்டி வராது. உள்ளுக்க ஏழெட்டுப் போத்தல் ரத்தம் ஓடுது. பாய்லரில உம்முடைய வால்வு எங்க இருக்கு?"

"மேலங்க."

"கீழ ஒரு குழாய் அரிச்சு, மூட்டுவாயில ஒழுகினா, அதை வால்வு திறந்தது எண்டு சொல்லுவீரோ?"

ராமதாஸ் இல்லை என்று தலையை அசைத்தார். ஒழுகுகிற குழாயைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பாய்லர்காரன் இல்லை. அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"ஈறு பழுதாய்ப் போச்சு. அந்தச் சீழ் நாள் முழுக்க ரத்தத்தில கலக்குது. கலந்தா ரத்தக் குழாயெல்லாம் சினந்து வீங்கும், கொதிப்பு ஏறும். நீர் குத்திக் குத்தி ஏத்தியிருக்கிறீர். பல்லடியில காரை கல்லுப்போலப் பிடிச்சிருக்கு. பாய்லருக்குள்ள காரை பிடிச்சா என்ன செய்வீர்?"

"அணைச்சு, ஆற விட்டு, தட்டி எடுப்போம். அடிச்சா தகடு போயிடும். மெதுவாத்தான்."

"அதைத்தான் செய்யப் போறன். நாலு நாளில வீக்கம் வத்தட்டும், ஆஸ்பத்திரிக்கு வாரும். உம்முடைய சோதனைத் தாளை இண்டைக்கு நான் எழுதேல்லை. மாதக் கடைசிவரைக்கும் தவணை இருக்கு."

நாலு நாள் கழித்துப் போனார். டிரஸ்ஸர் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி எடுத்தார். தட்டில் பழுப்பும் பச்சையுமாகச் சில்லுகள் விழுந்தன. ராமதாஸ் வலியில் நாற்காலிக் கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு சில்லையும் எண்ணினார். பிறகு வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்: கொய்யாக் குச்சியின் நுனியைக் கடித்து மெத்தென்று ஆக்கி விளக்க வேண்டும், ஈர்க்குக் கூடாது, கரி கூடாது. மூன்று வேளையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்புளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கருவாடு கூடாது.

உப்புக்கு வரிசையில் நிற்க வேண்டிய காலம் அது. லெட்சுமி விடியலில் போய் நின்று ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள்.

"வால்வை அடைக்கப் போறீங்களா?"

"அது வால்வு இல்ல."

"கொப்புளிங்கன்னு நான் சொன்னப்ப மட்டும் கேக்கல?"

"நீ மீன்கூடைன்னுதானே சொன்ன."

முதல் வாரம் அவருக்கு நரகமாக இருந்தது. ரத்தம் குறையக் குறையப் பயம் கூடியது. மூட்டு ஒழுகலை அடைத்தால் அழுத்தம் எங்கே போகும் என்று புத்தி கேட்டுக்கொண்டே இருந்தது. பாய்லர் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இரண்டு முறை ஈர்க்கை ஒடித்துக் கையில் வைத்திருந்து, காஜா மொய்தீன் பார்ப்பதைக் கண்டு அடுப்பில் போட்டார். பத்தாம் நாள் ஈறு வெளுத்து இறுகியது. காய்ச்சலும் போயிருந்தது.

மாதக் கடைசியில் மறுபடி ஆலை அறை. முற்றத்தில் லாரி நின்றது. தேறாத ஆறு பேர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரஸ்ஸர் காற்றடித்தார். நூற்றெழுபத்தாறு.

ராமதாஸின் முகம் வாடிப்போயிற்று. டிரஸ்ஸர் பட்டையைக் கழற்றிவிட்டு, "பத்து நிமிஷம் சும்மா இரும். கதைக்க வேண்டாம், ஜன்னலாலை பார்க்கவும் வேண்டாம்" என்றார். பிறகு அடித்தார். நூற்றறுபத்தாறு. பேனாவை எடுத்தார்.

"ஐயா" என்றார் ராமதாஸ். "கேஜ் ரெண்டு அளவு காட்டினா, நாங்க பெரிசைத்தான் எழுதுவோம்."

பேனா நின்றது. டிரஸ்ஸர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மனுசன் பயந்தா முதல் அளவு எப்பவும் கூடத்தான் காட்டும். ஆறியிருந்து பார்க்கிறதுதான் சரியான அளவு. ஆருக்கும் நான் இப்பிடித்தான் பார்க்கிறது. வெளியில இருக்கிற ஆறு பேருக்கும் ரெண்டு தரம் பார்த்தனான்." எழுதிக் கையெழுத்திட்டார். "கொதிப்பு உமக்குப் போகேல்லை, விளங்குதோ? ஏறிறதுக்கு ஒரு காரணம் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான். வாய் விஷயத்தில ஒரு நாளும் சோம்பல் படாதையும்."

தாளில் முத்திரை விழுந்தது. ராமதாஸ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். ஆறு பேரும் லாரியில் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் உமி அள்ளுகிறவர். ராமதாஸைப் பார்த்துத் தலையசைத்தார். லாரி தெருமுனை திரும்பிய பிறகும் ராமதாஸ் நகரவில்லை.

காஜா மொய்தீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆவி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார் ராமதாஸ்.

"அறுபதுக்கு விழுந்துடுச்சு அண்ணே. கட்டை ஈரம்."

"தண்ணி?"

"கண்ணாடிக் குழாயில பாதி."

ராமதாஸ் சட்டையைக் கழற்றி, தாள் உள்ளே இருக்கும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாய்லரை நோக்கி வேகமாக நடந்தார்.