மஞ்சள் துண்டின் முடிச்சு

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குடிக்க ஒரு கப் மிலோவை நீட்டியபோதுதான் முதலில் தெரிந்தது. தோள் எழுந்தது, முழங்கை எழுந்தது, மணிக்கட்டு மட்டும் வரவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி வலது கை மடங்கித் தொங்கியது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். யாருடைய கையோ என் மடியில் வந்து கிடக்கிறது என்று நினைத்தேன். அப்போதைய மயக்கம் அப்படி. நர்ஸ் சிரிக்கவில்லை. கப்பை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

கை விளங்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குச் சோறு ஊட்டிவிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரிய புத்திமதி ஒன்றும் என்னிடம் இல்லை. புத்தி இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன்.

என் பெயர் மல்லிகா. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்கு நின்று, அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வந்தவர்களைக் குறித்துக்கொள்வது என் வேலை. முன்பிருந்த மேனேஜர் ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார், ஒரே ஆள் ஓட்டுகிற படகு. எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மாற்றலாகிப் போகும்போது அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தொழிலாளர் லயத்தில் எனக்குப் 'பாய்மரக் கிராணி' என்று பெயர். என் வீட்டுக்காரர் செல்வம் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனாலும் ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை.

எங்கள் மகள் தேவி முந்தைய ஆண்டு டெங்கியில் கிடந்து பிழைத்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, தரையில் பாய், தோளில் மஞ்சள் துண்டு. கடைசி நாட்களில் பாலும் பழமும்தான். விரதம் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் உடம்பு கனமே இல்லாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். அந்த மிதப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகை எடுத்தேன்.

கடலில் குளிரில் விறைத்தேன் என்றால், நம் நாட்டில் பனியா கொட்டுகிறது என்று கேட்பீர்கள். கொட்டவில்லைதான். ஆனால் ஆண்டுக் கடைசியிலிருந்து தைப்பூசம் வரைக்கும் வடகிழக்குக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அதோடு மழையும் சேர்ந்தால் பல் கிட்டிப் போகும்.

இப்போது என் மடத்தனத்தைச் சொல்கிறேன். படகில் எப்போதும் ஓர் அவசரப் பெட்டி இருக்கும். அதில் பிஸ்கட், சார்டின் டின்கள், ஒரு விசில், கையில் பிடித்துக் கொளுத்தினால் சிவப்பாக எரியும் இரண்டு தீக்குழல்கள். விரதத்தில் இருக்கிறவள் மீன் டின்னோடு படகில் உட்காரலாமா என்று மனசு உறுத்தியது. டின்னை மட்டும் எடுத்தால் போதுமா, பெட்டியே கவிச்சிதானே என்று, முந்தின நாளே படகிலிருந்து பெட்டியோடு எடுத்துவந்து, வீட்டு வாசலில் செருப்பு அடுக்குக்கு மேல் வைத்துவிட்டேன். படகையும் விரதத்தில் உட்கார வைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆற்று முகத்தைத் தாண்டி, குன்றின் மேலிருக்கும் கலங்கரை விளக்கம் விரல் உயரத்துக்குச் சிறுத்த நேரத்தில் வானம் இருண்டது. காற்று ஒரே அடிதான். பாய் தண்ணீரில் விழுந்தது, படகு குப்புறக் கவிழ்ந்தது. மூன்று தடவை நிமிர்த்தப் பார்த்தேன். நாலாவது தடவைக்குக் கையில் பலம் இல்லை. போனை எப்போதும் போல மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் விட்டிருந்தேன். மிதவைச் சட்டை மட்டும் உடம்பில் இருந்தது, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிப் படுத்தேன். மழை விடவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு படகுகள் தூரத்தில் போயின. தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? விசில் இருந்தால் கேட்டிருக்கும். அந்த விசில் என் செருப்புக்குக் காவல் இருந்தது.

பிறகு தூக்கம் வந்தது. தூங்கினால் வழுக்கி விழுவேன் என்று அந்த அளவுக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. படகின் அடியில் துருத்திக்கொண்டிருந்த நடுப்பலகையோடு என் வலது மேல்கையைச் சேர்த்து மஞ்சள் துண்டால் சுற்றி, இடது கையாலும் பல்லாலும் இறுக்கி முடிச்சுப் போட்டேன். முருகா, நீ பிடித்துக்கொள், நான் கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்று சொன்னதாக ஞாபகம்.

அதற்குப் பிறகு குளிரவே இல்லை. இதை எல்லோரும் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். கடல் வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில், பெரட்டுக் களம் போல விரிந்து கிடந்தது. அலைக்கு மேல் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். யாரோ பெயர் கூப்பிட்டார்கள். எல்லாப் பெயரும் நான் தினமும் கூப்பிடுகிற பெயர்கள். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். என் பெயர் வரும் வரும் என்று காத்திருந்தேன். கிராணியின் பெயர் அந்தப் பெயர்ப் புத்தகத்தில் கிடையாது என்பது மெல்ல ஞாபகம் வந்தது. அழுகை வந்தது, ஆனால் சுகமான அழுகை. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் நண்டு வலை எடுக்க வந்த ஆ செங் என்ற சீன மீனவர் என்னைப் பார்த்தார். துண்டை முடிச்சுக்கு அந்தப் பக்கம் கத்தியால் அறுத்து, "பெலான், பெலான், ஆன்ட்டி" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிச் சொல்லி, மெல்ல மெல்லத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டார். மீன் வாடை அடிக்கும் அவருடைய சட்டையை என் மேல் சுற்றினார். விரதம் கெட்டுவிடுமே என்று அப்போதும் நினைத்தேன் பாருங்கள்!

ஆஸ்பத்திரியில் இதற்குத் தாழ்வெப்பநிலை (உடம்பின் சூடு இறங்கி உறுப்புகள் மந்தமாகும் நிலை) என்று சொன்னார்கள். பனி தேவையில்லை, நனைந்த உடம்பும், காற்றும், வெறும் வயிறும், நேரமும் போதும். அதோடு தசைச் சிதைவு (நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது) வேறு. சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. ஊசி வழியாக நிறைய நீர் ஏற்றி அதைக் கழுவினார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நேற்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். சாமியைக் குறை சொல்லிவிடுவாரோ என்ற பயம். ரத்தப் பரிசோதனை என்னைக் காட்டிக்கொடுத்தது. நீங்கள் யாராக இருந்தாலும் விரதத்தை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் சாமியோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

கைதான் குணமாகாமல் மிஞ்சியது. ரேடியல் நரம்பு (மேல்கை எலும்பைச் சுற்றி இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிற நரம்பு) அந்த முடிச்சுக்கு அடியில் மணிக்கணக்காக நசுங்கியிருந்தது. என்னைக் கடலில் விடாமல் பிடித்திருந்த முடிச்சேதான் கையை முடக்கியிருக்கிறது. சில வாரங்கள் கழித்து, நரம்புக் கடத்தல் சோதனை (சின்ன மின் அதிர்வு கொடுத்து, நரம்பு அதைக் கடத்துகிறதா என்று பார்ப்பது) செய்துவிட்டு, இளம் டாக்டர் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நரம்போட மேலுறை நல்லா இருக்கு ஆன்ட்டி. உள்ள இருக்கிற இழைதான் பல இடத்துல அறுந்திருக்கு. அது திரும்ப வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அவ்ளோதான். முழுசா வந்துரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அப்படியென்றால் நான் எழுத முடியுமா, பாய்க்கயிறு பிடிக்க முடியுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள். அந்த வார்த்தையை நான் மாதக்கணக்கில் மென்றேன்.

தைப்பூசம் நான் கட்டிலில் கிடக்கும்போதே வந்து போனது. தேவி எனக்குப் பதிலாகப் பால்குடம் எடுத்தாள். தனக்காக வைத்த வேண்டுதலைத் தானே தூக்குவதுதானே நியாயம் என்றாளாம். வீடு திரும்பியதும் அவள்தான் தலை சீவிவிட்டாள். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு, இடது கையால் கிறுக்கிக் கிறுக்கி வேலைக்குப் போனேன். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சிரித்தார். கோபத்தில் நானும் ஏதோ சொல்லிவிட்டேன், அதை இங்கே எழுத முடியாது.

ஒரு சாயங்காலம் ஆ செங் வீட்டுக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே அந்த முடிச்சு. உப்பு ஏறிக் கல்லாக இருந்தது. மஞ்சள் என்றால் சாமி விஷயம், கடலில் எறியக்கூடாது என்று பத்திரப்படுத்தினாராம். மலாயில் அதைச் சொல்லும்போது கூச்சப்பட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தேவி அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியப் பார்த்தாள். நான் விடவில்லை. இதை இந்தக் கையால்தான் அவிழ்ப்பேன் என்று சாமி மேடையில் வைத்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் செல்வத்திடம் பெட்டி விஷயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும் மல்லி," என்றார். "அன்னிக்கு உன்னத் தேடிப் பொறப்படுறப்பவே பாத்தேன். விசில் அதுல இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டுத்தான் கரையில நின்னேன், மழையில. நான் ஊதி என்னா லா புண்ணியம்?"

அவர் அந்தக் கரையில் முட்டி அளவு தண்ணீரில் நின்றிருந்தார் என்று தேவி பிறகு சொன்னாள்.

காலம் அப்புறம் வேறு மாதிரி நடந்தது. மற்றவர்களுக்குத் திங்கள், செவ்வாய். எனக்கு மில்லிமீட்டர். தினமும் காலையில் முழங்கைக்கு மேல் விரலை வைத்து, இன்றைக்கு இந்த இடம் வந்திருக்கும் என்று குறித்துக்கொள்வேன். சில நாள் அங்கே எறும்பு ஊர்ந்தது. சில நாள் ஒன்றுமே இல்லை; அந்த நாட்களில் யாரோடும் பேசமாட்டேன். கை மட்டும் இன்னும் கடலிலிருந்து நடந்தே வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும்.

மணிக்கட்டு முதலில் எழுந்தது, பெரட்டில் நின்றபோது, நானே எதிர்பார்க்காத நேரத்தில். ஒரு விரல் அளவு நிமிர்ந்து, நடுங்கி, விழுந்தது. பெயரைக் கூப்பிடாமல் நின்றுவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விரல்கள் அதற்கும் பல வாரம் கழித்து வந்தன. கட்டைவிரல்தான் கடைசி. அது இன்றும் சோம்பேறிதான், மழை நாளில் மரத்துப் போகும். முழுசாக வரவில்லை. எதையும் எடுப்பதற்கு முன் ஒரு நொடி காத்திருக்கிறேன், கை வந்துவிட்டதா என்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிச்சை எடுத்து மடியில் வைத்தேன். ஊறவைக்கவில்லை. கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு, நெம்பி, ஓய்ந்து, மறுபடி நெம்பினேன். பெலான், பெலான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் அது விட்டுக்கொடுத்தது. துண்டின் வெளிப்பக்கம் வெளுத்துப் போயிருந்தது; முடிச்சுக்குள் இருந்த பாகம் மட்டும் கட்டிய அன்றைக்கு இருந்த மஞ்சளாகவே இருந்தது. கொஞ்சம் கடல் சேறு தூளாக என் சேலையில் உதிர்ந்தது.

செல்வத்தைக் கூப்பிட்டேன். அவர் துணியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். வெளியே போய், லோரி கண்ணாடியில் இத்தனை நாளும் தொங்கிய விசிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஊது," என்றார். "எனக்குக் கேக்கணும்."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்தேன். கொஞ்சம் ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் ஊதினேன்.