தைக்கப்படாத சட்டை

அலமாரியின் மேல்தட்டில் வெளிர்நீலத் துணித் துண்டுகள் ஆறு மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கைகள் இரண்டு, காலர் ஒன்று. ஒவ்வொன்றின் மீதும் பழுப்புத் தாளில் வரைந்த அளவு குண்டூசியால் பொருத்தப்பட்டிருக்கிறது. எனக்கான சட்டை. இதை வெட்டி முடித்த மறுநாள் என் மனைவி மருத்துவமனைக்குப் போனாள், திரும்பவில்லை.

அவள் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆடை வடிவமைப்புத் தொழிற்பிரிவின் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு பிரிவில் இடம் கிடைக்காதவர்கள். செய்முறைத் தேர்வுக்குப் பொம்மை அளவில் ஒரு சட்டை தைத்தாலே மதிப்பெண் உண்டு. அவள் அதற்கு ஒப்பவில்லை. வீட்டிலிருக்கும் ஓர் ஆளை அளந்து, அவருடைய முழு அளவில் செய்தித்தாளில் வரைந்து வெட்ட வேண்டும். சிறிதாகத் தைத்தால் தவறு ஒளிந்துகொள்ளும் என்பாள். ஒருமுறை அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கச் சென்றபோது வகுப்பு வாசலில் சற்று நின்றேன்.

“டீச்சர், எங்கம்மாவுக்குப் பேப்பர் பத்தல டீச்சர்.”

“இன்னொன்ன ஒட்டுடி. பேப்பருக்காக உங்கம்மாவயா சுருக்க முடியும்?”

வகுப்பே சிரித்தது. அவள் மேசை மேசையாக நடந்தாள். “கோட்டு மேலயே வெட்டாதீங்கடி. தையலுக்கு விடணும். அரை இஞ்ச் தள்ளி வெட்டுங்க.” என்னைக் கண்டதும், “இந்தா, ஆபீசரே வந்துட்டாரு, எந்திரிங்க” என்றாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நான் அப்போது கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சேர்க்கை குறைந்த பிரிவுகளின் பட்டியலை மேலே அனுப்புவது என் பணி. பட்டியலில் ஏறிய பிரிவு மூடப்படும். ஓராண்டு அவளுடைய பிரிவில் வேண்டிய எண்ணிக்கைக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். பட்டியல் அனுப்பவிருந்த வெள்ளிக்கிழமை காலை எனக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டே, “அகரத்துல ரெண்டு பொம்பளப் பிள்ளைக திங்கக்கெழம டிசியோட வாரோம்னு சொல்லியிருக்காளுக. ரெண்டு நாளு, அம்புட்டுத்தாங்க” என்றாள். வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் இப்படிக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன், பொறுத்ததும் உண்டு. விதி அதைத் தடுக்கவில்லை. கேட்டவள் என் மனைவி என்பதால் பொறுக்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் கையெழுத்திட்டு அனுப்பினேன். நேர்மையானவர் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்காகவே செய்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இருந்த மாணவிகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் பிரிவும் முடிந்தது. தையல் இயந்திரங்கள் தார்ப்பாய்க்கு அடியில் போயின. ஓய்வு பெறும்வரை அவளுக்கு, ஆசிரியர் வராத வகுப்புகளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. என் சட்டைகளைத் தொடர்ந்து அவளே தைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் ஓர் இளம்பெண் கடைசிவரை இருந்தாள். பழைய மாணவி என்று எண்ணி, இந்தத் துண்டுகளைக் காட்டி, தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்குத் தைக்கத் தெரியாது சார். நான் டீச்சர்கிட்டப் படிக்கல. அகரத்துலருந்து சேர வந்தேன், அதுக்குள்ள மூடிட்டாங்க. டீச்சர் எங்க வீடு தேடி வந்தாங்க. ‘ஆபீசுல நாந்தான் நேரத்தோட சொல்லாம விட்டுட்டேன், தப்பு என்னோடதுதாம்மா’ன்னு எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் எரியோடு பக்கம் மில்லுக்குப் போயிட்டேன் சார்.”

“கூட வந்த இன்னொரு பெண்?”

“அவளும் மில்லுதான்.”

தவறு யாருடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “சாப்பிட்டுவிட்டுப் போம்மா” என்றேன்.

தையற்காரர் யாரிடம் கொடுத்தாலும் ஒரு பகலில் தைத்துவிடுவார். கொடுக்க மனம் வரவில்லை. இன்று காலை துண்டுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளி, எல்லாப் பக்கமும் சீராக வெட்டியிருக்கிறாள். நான் மிகவும் மெலிந்துவிட்டேன். இனித் தைத்தாலும் பொருந்தாது. குண்டூசிகளைக் கழற்றாமல் மடித்து, அதே தட்டில் வைத்தேன்.