அத்தானுக்கு ஏது சேலை?

சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் உத்தியோகம் பார்க்கப் போனவர்களுக்கு, பாகூர் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து வீட்டார் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதிக் கொடுத்த காலம் அது. நாற்று நட்ட சேறு காயாத காலோடு வந்த அஞ்சலை, ஒரு முகவரிச் சீட்டை நீட்டினாள். அதில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. எனக்கு அது போதும். "அன்புள்ள அத்தானுக்கு" என்று எழுதிவிட்டு, மேலே சொல்லச் சொன்னேன்.

"நீ போனப்புறம் நான் ஏரிக்குக் குளிக்கப் போவல. உன் பழஞ்சேலைய தலைக்கு வச்சித்தான் படுக்கறேன்."

என் பேனா நின்றது. "அத்தானுக்கு ஏதும்மா சேலை?"

"அத்தானா? கடுதாசி அவரு பொண்டாட்டிக்குண்ணே. என் சிநேகிதி, தனம்னு பேரு. கண்ணாலமாயி கப்பலேறிட்டா."

நான் சிரித்துவிட்டேன். "சிநேகிதிக்கா இத்தனை உருக்கம்? புருசனுக்குச் சொல்ற மாதிரி இருக்கே. நலம், நலமறிய அவான்னு எழுதிடறேன்."

"வேணாண்ணே. சொன்னதையே எழுதுங்க."

"அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அவருதான் படிச்சிக் காட்டுவாரு." முகவரிச் சீட்டை என் பக்கம் தள்ளினாள். "அவளுக்குப் புரியும்."

வேறு தாள் எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். சேலை என்ற சொல்லை எழுதிவிட்டு, அதையே மறுபடி படித்தேன்.

என் சிநேகிதன் ராஜுவும் சைகோனில்தான் இருந்தான். அவன் விட்டுப்போன சட்டையைத் துவைக்காமல் என் பெட்டியில் வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிய நான், அவனுக்கு எழுதியதெல்லாம் 'நலம், நலமறிய அவா' என்பது மட்டும்தான்.