பிலோமினா பிடித்த கொடுவா

காலையில் நான் போட்ட படத்துக்கு வாழ்த்துச் சொன்ன நண்பர்களே, ஒரு திருத்தம். அந்தக் கொடுவா மீனைப் பிடித்தது நான் இல்லை, என் மனைவி பிலோமினா.

ஜெயங்கொண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி, கொள்ளிடம் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போயிருந்தோம். மீன் மாதிரி வெட்டிய உலோகத் தகட்டைத் தூண்டிலில் இரையாகக் கட்டி நான் வெகுநேரம் வீசினேன். ஒன்றும் சீண்டவில்லை.

"வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா எப்புடி? இங்க குடுங்க."

அவள் தகட்டைத் தண்ணீருக்கடியில் தரை தொடும்வரை விட்டாள். கோலை மெல்ல உயர்த்தினாள். தகடு அதிர்வது கைக்குத் தெரிந்ததும் மறுபடி இறக்கினாள். மூன்றாம் முறை கோல் வளைந்தது.

"ஏங்க, மாட்டிக்கிச்சு!"

"குடு குடு, அறுத்துக்கிட்டுப் போயிடும்" என்று கோலைப் பிடுங்கி மீனைக் கரையேற்றினேன். அவளிடமே போனைக் கொடுத்துப் படமும் எடுக்கச் சொன்னேன்.

கணக்கை முக்கால்வாசி போட்டுவிட்ட பிள்ளையிடம் சாக்பீஸைப் பிடுங்கி, விடையை மட்டும் வாத்தியார் எழுதுவது போலத்தான் இது.

திரும்பும் பஸ்ஸில் அவள் உங்கள் வாழ்த்துகளைப் படித்தாள்.

"'சாருக்குக் கைராசி'ன்னு போட்டிருக்காங்க. நீங்களும் நன்றின்னு போட்டிருக்கீங்க. எனக்கு அது மொத மீனுங்க. அறுத்துக்கிட்டே போயிருந்தாலும் நானே இழுத்துப் பாத்திருப்பேன்ல?"

போனை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஒரு உதாரணம் சொன்னா..." என்று வாத்தியார் பழக்கத்தில் ஆரம்பித்தேன். "மீனக் கழுவுங்க மொதல்ல" என்றாள்.

கழுவிவிட்டேன். அடுத்து என்ன செய்யலாம், திருமணமான நண்பர்கள் சொல்லுங்கள்.