பக்கத்துக் கம்பியில் ஒரு ஜெபம்

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு இன்டர்நெட்டைச் சரிசெய்ய வந்த லைன்மேனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. தெருமுனை டெலிபோன் பெட்டியில் ஒவ்வொரு கம்பியைத் தொடும் முன்பும் டெஸ்ட் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பக்கத்துக் கம்பியோட சத்தம் உங்க கம்பியில ஏறுதும்மா. அதான் ஸ்பீடு இல்ல. தள்ளி இருக்கறதுக்கு மாத்திடறேன்.”

“ஆமாங்க, சாயங்காலம் போன எடுத்தா, ஒரு அம்மா யார்கூடவோ ஜெபமாலை சொல்றது லேசா கேக்கும்.”

“அவங்க பேசறது உங்களுக்குக் கேட்டா, நீங்க பேசறதும் அவங்களுக்குக் கேட்டிருக்கும்.”

என் கணவர் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் போனில்தான் அக்காவிடம் அழுதேன். அவர் இறந்ததை அதில் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுக்கூட அந்த அம்மா, “ஆஸ்பத்திரியில இருக்கற தம்பிக்கு சொகம் குடு மாதாவே” என்று வேண்டிக்கொண்டிருந்தார். யாரோ அவருடைய உறவுக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

“அது எந்த வீடுங்க?”

“காதுல விழறத வெளிய சொல்றதில்லம்மா.”

கம்பியைக் கழற்றும் முன், டெஸ்ட் போனில் அவர் மெல்ல, “வரேம்மா” என்றார். அது எனக்குச் சொன்னதல்ல, அந்த அம்மாவுக்கு.

இப்போது இன்டர்நெட் பறக்கிறது. போனில் ஒரு சத்தமும் இல்லை. ஏதோ ஒரு வீட்டில் என் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.